தரை ஆடியபோது உட்கார்ந்திருந்தேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

சாயங்காலம் மறுபடியும் தரை அதிர்ந்தது. தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் அடியில் பாறை வெடிப்பது நிற்கவில்லை. அலமாரியில் டம்ளர்கள் ஆடினால் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் ஸ்கெலட்டன் லைனில் எல்லோரும் தெருவுக்கு ஓடிவிடுவோம். இன்று நான் ஓடவில்லை. தியான வகுப்பில் டீச்சர் சொன்னபடி கண்ணை மூடி உட்கார்ந்து, பயம் எங்கே இருக்கிறதென்று பார்த்தேன். தொண்டையில் இருந்தது. பிறகு வயிற்றுக்கு இறங்கியது. அப்புறம் காணவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால் தொட்டில் காலி. என் வீட்டுக்காரர் பாப்பாவோடு தெருவில் நின்றிருந்தார். அவர் உள்ளே வந்து போனதே எனக்குத் தெரியவில்லை.

"இன்னா செல்வி, புள்ள உள்ள தூங்குதுன்னு கூட தோணலியா?"

கோபமாகக் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பாப்பாவை வாங்கிக்கொண்டேன்.

பயந்து ஓடியிருந்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுதானே ஓடியிருப்பேன்? பயம் மட்டும்தான் போனதா, அதோடு பாப்பாவின் நினைப்பும் போய்விட்டதா, ஒன்றும் புரியவில்லை.

ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கை பாப்பாவின் வயிற்றின்மேல் இருக்கிறது. மூச்சைக் கவனிக்கச் சொன்னார் டீச்சர். அவளுடையதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.