மிச்சமான டைல்ஸ்

ஜிதின் அப்பாவுக்கு,

கஞ்சி ஃபிளாஸ்க்கில் இருக்கிறது, துவையல் பக்கத்திலேயே. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. இடுப்பு பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். வாக்கர் கட்டிலோரம் இருக்கிறது.

நான் மாதா கோயிலுக்குப் போகிறேன். முன்பு அங்கே வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் தரை இருந்தது. மழையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து முட்டி போடுவோம். ஒருத்தியும் வழுக்கி விழுந்ததில்லை. கோயில் கமிட்டித் தலைவரான நீங்கள்தான், "இது என்ன மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டு, கல்லையெல்லாம் பெயர்த்துக் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட வைத்தீர்கள். திறப்பு விழா அன்றைக்கு முதலில் விழுந்ததும் நீங்கள்தான்.

"தலைவரு வழிகாட்டிட்டாருல்ல!" என்று லயத்து வீடுகளில் இன்னும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது டைல்ஸ் மேல் கொழுந்துச் சாக்கை விரித்து ஜெபிக்கிறோம். பெயர்த்த கல் போடிமெட்டு ரிசார்ட் நடைபாதையில் கிடக்கிறது. செருப்புக் காலோடு மிதிக்கிறார்கள்.

கதவைப் பூட்டவில்லை. டைல்ஸ் மேஸ்திரி அளவெடுக்க வருவார், சத்தம் போடாதீர்கள்.

சந்தனமேரி

பி.கு.: கோயிலில் மிச்சமான டைல்ஸை என்ன செய்ய என்று மேஸ்திரி கேட்டார். உங்கள் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் போடச் சொல்லியிருக்கிறேன்.