பதினொரு பேர் நடக்கும் பாதை

மார்ச் 4, செவ்வாய்
புது வேலை. ஊருக்கும் பஸ் சாலைக்கும் நடுவே அறுபது ஏக்கர் புல்வெளி. ஒரு கம்பெனி அதைச் சுற்றி வேலி போட்டு விடுமுறை வீடுகள் கட்டப்போகிறது. அனுமதி தரும் அலுவலகத்துக்கு இரண்டு பதில் வேண்டும். குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையை மூடினால் யாருக்குக் கஷ்டம்? அந்த நிலத்தில் பண்பாட்டு முக்கியத்துவம் உள்ளது ஏதாவது உண்டா? பதில் எழுத வேண்டியவள் நான்.

"புல்லுக்கு என்ன பண்பாடு?" என்கிறார் வீட்டுக்காரர். பத்தொன்பது வருஷமாக நான் எந்த நிலத்துக்குப் போனாலும் இதே கேள்வி. கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

மார்ச் 6, வியாழன்
பாதையோரம் ஒரு தட்டைப் பாறை. விசாரித்தேன். ஒரு ராஜா அதில் கால் கழுவினார் என்றார் மளிகைக் கடைக்காரர். ராஜா இல்லை, ராணி என்றாள் அவர் மனைவி. ஓய்வுபெற்ற தபால்காரர் குதிரை ஒன்றையும் சேர்த்தார். இன்னும் ரெண்டு பேரைக் கேட்டால் படையே வந்து இறங்கும் போலிருந்தது, பேனாவை மூடினேன்.

தையல்காரம்மா மட்டும் கதை எதுவும் விடவில்லை. மெஷினை மிதித்தபடியே, "பாதையில போற ஆளுங்கள எண்ண எப்ப வரீங்க மேடம்?" என்றாள். செவ்வாய்க்கிழமை என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்
காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, பாறை மேல் குடையும் நோட்டுமாக. இருநூற்றுப் பதினான்கு.

கோடு போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது. ஆனால் எனக்கென்ன கண் தெரியாதா? மளிகைக்காரர் ஆட்டோடு போனார், ஆடு இல்லாமல் வந்தார். மதியம் ஆடு மட்டும் தனியாக வந்தது. தபால்காரர் ஏழு தடவை. ஒரு தடவை தொப்பி, ஒரு தடவை தலையில் துண்டு, ஒரு தடவை மனைவியின் குடை. ஒவ்வொரு தடவையும் புது ஆள் மாதிரி, "எந்த ஊரும்மா நீங்க?" நானும் ஏழு தடவை பதில் சொன்னேன், மரியாதையாக.

வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப எத்தனைன்னு எழுதுவ?"

மார்ச் 12, புதன்
எத்தனைன்னு எழுதுவேன்?

மார்ச் 18, செவ்வாய்
இன்று சொல்லாமல் போனேன். நாள் முழுக்கப் பதினொரு பேர்.

மற்றவர்களிடம் வண்டி இருக்கிறது. நாலு கிலோமீட்டர் சுற்றி ரோட்டில் போய்விடுகிறார்கள். இல்லாதவர்கள்தான் இந்தப் பதினொன்று. பார்வை இல்லாத மனைவியோடு மருத்துவமனைக்குப் போகும் ஒருவர் வந்தார் — அந்த அம்மாதான் முன்னால் நடந்தாள். இந்தப் பாதை அவள் காலுக்குத் தெரியுமாம்.

தையல்காரம்மா தலையில் துணி மூட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னைக்கு வரப்போறேன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா?"

மூட்டையைப் பாறையில் இறக்கி உட்கார்ந்தாள். "ராஜாவும் வரல, ராணியும் வரல மேடம். இது பாதி தூரம். மூச்சு வாங்கும், உக்காருவோம். அவ்வளவுதான்."

தபால்காரரைக் காணவில்லையே என்று அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தார். ஏற்கெனவே பழுதான முழங்கால், ஏழு தடவை நடந்ததில் வீங்கிவிட்டது.

"என்னை எத்தனை ஆளா எழுதினீங்க?"

"ஒண்ணு."

"தொப்பியக்கூடக் கணக்குல எடுக்கலையா?"

சிரித்தேன். வாசலில் அவர் மகனின் வண்டி நின்றது. அதைப் பார்த்ததும் மனசுக்குள்ளேயே கேட்டேன்: உங்களுக்கு அந்தப் பாதையே வேண்டாமே — அப்புறம் யாருக்காக நடந்தீங்க?

மார்ச் 24, திங்கள்
இருநூற்றுப் பதினான்கு என்றால் பொய். பதினொன்று என்றால் பாதை போய்விடும். மூணாவது எண் ஒன்று இருந்தால் யாராவது சொல்லுங்களேன்.

மார்ச் 26, புதன்
எழுதிவிட்டேன். பதினொன்று. ஒவ்வொருவரும் எதற்குப் போகிறார், சுற்றிப் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதோடு. பதினோராம் தேதிச் செவ்வாய்க்கிழமையையும் மறைக்கவில்லை. பண்பாட்டுக்கான கட்டத்தில் போட்டேன்: வண்டி உள்ள ஊர், வண்டி இல்லாத பதினொரு பேருக்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் நடந்தது.

எங்கள் மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கட்டத்துல பழைய கட்டடம், கல்வெட்டுன்னு போடுவாங்க. இது என்னம்மா?"

"நடந்தது சார்."

"நடந்ததா?"

"ஆமா சார். இருநூத்திப் பதினாலு தடவை."

கையெழுத்துப் போட்டார். முறைத்துக்கொண்டேதான்.

ஏப்ரல் 9, புதன்
அறிக்கையின் பிரதி ஊருக்குப் போயிருக்கிறது. தையல்காரம்மா போன் பண்ணினாள். "பதினொண்ணுன்னு எழுதிட்டீங்களாமே. நாடகம்னு வேற காட்டிக் குடுத்துட்டீங்க." விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "படிச்சவங்க" என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குள் இத்தனை வசவு அடங்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 10, வியாழன்
நான் பண்ணது தப்பா?

மே 7, புதன்
விசாரணைக் கூட்டம். கம்பெனி வக்கீல் ஒரு கட்டுப் புகைப்படத்தோடு எழுந்தார். கம்பெனி ஆள் அன்றைக்கு மறைவாக நின்று எடுத்தவை, எல்லாம் தபால்காரர்: தொப்பியோடு, துண்டோடு, குடையோடு. "ஊரே சேர்ந்து ஏமாத்தியிருக்கு. இவங்க சொல்ற எதை நம்பறது?"

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டினார். "இது எட்டாம் பக்கத்துலயே இருக்கே. பதினொண்ணுன்னுதானே சொல்றாங்க. அந்தப் பதினொரு பேருக்கு நீங்க என்ன செய்யப்போறீங்க?"

வக்கீல் படங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார், பிறகு உட்கார்ந்தார். கடைசி வரிசையில் தையல்காரம்மா. ஒரு தடவை என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்
ஆணை வந்தது. பாதை இருக்கும்: ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் வேலி. பாறை வேலிக்கு அந்தப்பக்கம், கம்பெனி நிலத்துக்குள் போய்விட்டது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. ராணியையாவது எழுதியிருக்கலாமோ?

அக்டோபர் 11, சனி
வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் போனேன். புது வேலிகளுக்கு நடுவே நின்று அகலம் சரியாக விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.

"கொஞ்சம் ஒதுங்குங்க மேடம், பஸ் போயிடும்."

வேலியோடு ஒட்டி நின்றேன். தையல்காரம்மா மூட்டையோடு என்னை உரசிக்கொண்டு தாண்டினாள். நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நாலடி போனபிறகு குரல் மட்டும் வந்தது.

"அந்தச் சட்டைய யார் தச்சது? தோள்பட்டை உக்காரவே இல்ல. சாயந்திரம் கடைப்பக்கம் வாங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன்."

திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு, சாயந்திரம் வரை இருந்தேன்.