ஊதிப் பார்க்காத குழாய்

பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை சயின்ஸ் அறையைத் திறந்தேன். சந்தன வாடை முகத்தில் அடித்தது. நீண்ட மேஜையில் தராசு, குடுவைகள், கண்ணாடிக் குழாய்கள். எல்லாவற்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. நடுவில் வாடிய மாலை, சிந்திய பொரி. மற்றவர்களுக்கு அது மங்கலமான வாசனை. எனக்கு ஆஸ்பத்திரி வாசனை.

இந்த அறை உன்னுடையது. நான் வராந்தாவுக்கு அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார். எட்டிப் பார்த்தால் சிரிப்பாய். "உன் கணக்குல என்னைக்காச்சும் ஒரு புகையாவது வந்திருக்கா மாப்ள?" என்பாய். நாலாவது பாரத்துப் பையன்கள் உன் மேஜையைச் சுற்றி எக்கி நின்று பார்ப்பார்கள். சாமான்களைப் பூட்டி வைத்து இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் துடைத்துக் காட்டும் பள்ளிகளே ஊரில் அதிகம். நீ பூட்டியதில்லை. சோதனை எதுவானாலும் தொடங்குமுன் குழாய்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாய். காற்று அந்தப் பக்கம் வந்தால்தான் கார்க்கில் செருகுவாய். உனக்கு அது பல் துலக்குவது மாதிரி.

ஒரு வருஷம், பூஜை முடிந்த முதல் நாள், நீ அப்படி ஊதிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நீயும் பதில் பேசியிருப்பாய். சிரித்தபடிதான் கேட்டார்: "பொட்டு வச்ச சாமான் பாய். அதுக்குள்ள எச்சி பண்ணணுமா?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நீ குழாயைக் கீழே வைத்துவிட்டாய்.

அடுத்த பூஜையில் சந்தனக் கிண்ணத்தை அவரே கையில் எடுத்தார். குழாய் வாய் ஒவ்வொன்றிலும் தாராளமாக அப்பினார். நீ கழுவவும் இல்லை, ஊதவும் இல்லை. பூஜைக்கு வைத்த பொருள், ஒரு வாரம் போகட்டும் என்று விட்டிருந்தாய். ஆனால் பாடம் காத்திருக்கவில்லை. ஹைட்ரஜன் தயாரிக்க வேண்டிய நாள் வந்தது. இரண்டு வாய்க் குப்பியில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, பொட்டை அழிக்காமலே குழாயைச் செருகி, புனல் வழியாகத் திராவகம் ஊற்றினாய். தொட்டித் தண்ணீரில் குமிழி வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாய். அப்போதும் வரவில்லை. கார்க் கசிகிறதோ என்று குனிந்தாய். வெளியேற வழியில்லாத வாயு திராவகத்தைப் புனல் வழியாகவே மேலே தள்ளியது. உன் அலறல் கேட்டு நான் சாக்பீஸோடு ஓடிவந்தேன்.

இடது கண் போய்விட்டது. உன்னைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான்தான் திரும்பி வந்து மேஜையைச் சுத்தம் செய்தேன். குழாயின் வளைவில் கம்பியை விட்டுக் குத்தியபோது, வாயிலிருந்து உள்ளே வழிந்து கல்லாக இறுகிய சந்தனம் வெளியே விழுந்தது. காகிதத்தில் மடித்து உன்னிடம் கொண்டுவந்தேன். விசாரணையில் இதை அவர் முகத்துக்கு நேரே வைக்கிறேன், உன் வேலை நிலைக்கும் என்றேன். நீ அதைக் கையில் வாங்கி, விரல்களுக்கு நடுவே பொடியாக நசுக்கினாய். வார்டு முழுவதும் மணந்தது.

"சந்தனத்தால கண்ணு போச்சுன்னு ஒரு துலுக்கன் சொன்னான்னு நாளைக்கு ஊருக்குள்ள பேச்சு வரும் மாப்ள. எங்கண்ணே புதுமண்டபத்துல தையல் மிஷின் போட்டு உக்காந்திருக்காரு. அவருகிட்ட தைக்கிறது அம்புட்டுப் பேரும் உங்காளுக. நீ வாயத் தெறக்கக் கூடாது."

என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் அன்று தொடங்கியது. இன்னும் தீரவில்லை. ஒரு கண்ணை அவர்கள் எடுத்தார்கள். என் வாயை நீ எடுத்துக்கொண்டாய்.

விசாரணைக்கு உன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போனவன் நான். தலைமையாசிரியர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எப்பவும் குழாய ஊதிப் பாப்பீங்களே பாய்?"

கட்டுப் போடாத கண்ணால் அவரையே பார்த்தாய். "இந்தத் தடவ ஊதலீங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குக் காரணம் தெரியும் என்று. பேனாவை மைக்கூட்டில் தொட்டு, 'கவனக் குறைவு' என்று எழுதினார். உன்னை வேலையிலிருந்து நீக்கி, உன் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

கீழவாசலில் சோடாக் கம்பெனியில் சேர்ந்தாய். எந்த வாயுவை எப்படித் தயாரிப்பது என்று பாடம் சொன்ன நீ கோலி சோடாவில் காற்று அடைத்தாய். பார்க்க வந்தால் ஒரு பாட்டிலை உடைத்துக் கொடுத்து, "இதுல அடைப்பு இல்ல மாப்ள, ஊதிப் பாத்தாச்சு" என்பாய். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன்னைச் சுமந்துபோன சந்தூக்கின் பின்னால் பள்ளியிலிருந்து நடந்தவன் நான் ஒருவன்தான். மறுநாள் பிரார்த்தனையில் உன் பெயரைச் சொல்லச் சொன்னேன். பழைய ஆட்களுக்கெல்லாம் வழக்கமில்லை என்றார்கள்.

இன்று காலை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எல்லாவற்றையும் கழுவத் தொடங்கினேன். குங்குமம் தண்ணீரில் சிவப்பாய் இறங்கியது. ஒரு குழாயை எடுத்து, பொட்டு ஈரமாக இருக்கும்போதே வாயில் வைத்து ஊதினேன். நிமிர்ந்தால் அதே வாசலில் அதே தலைமையாசிரியர். தலை முழுக்க நரைத்துவிட்டது. எச்சி என்று என்னிடமும் அவர் சொல்லட்டும், இன்றாவது சொல்லட்டும் என்று குழாயை வாயிலிருந்து எடுக்காமலே நின்றேன்.

"ஊதிப் பாத்துடறது நல்லதுதான் சார்," என்றார். "நமக்கு எதுக்கு வம்பு." போய்விட்டார்.

அடுத்த குழாயை எடுத்தேன். உதட்டில் சந்தனம் கசந்தது. துடைத்துக்கொள்ளாமல் ஊதினேன்.