இரணியல் முக்கில் நான் காணாத வண்டி

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: சத்தியபாய் டீச்சர் பார்க்காமல் ஸ்கூட்டரைத் திருப்பி, பைக்கில் வந்த மீன்காரர் சிலுவைதாசனின் காலை ஒடித்துவிட்டார். அவர் மனைவி லிஜா போலீசில் மனுவும் கொடுத்துவிட்டாளாம். பார்க்காமலா? வெள்ளிக்கிழமை காலை இரணியல் முக்கில் நின்றேன். வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். ரோடு காலி. அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்!

பிப்ரவரி 5

"வெயிலு கண்ணுல அடிச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். அடிக்கவில்லையே. ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். சிலுவைதாசன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். லிஜாதான் வாயைத் திறந்தாள்: "பாத்தேன் பாத்தேன்னு ஊரெல்லாம் சொல்லுதியளாமே டீச்சர். அப்ப இவிய வானத்துல இருந்து குதிச்சாவளா?"

நான் பொய்க்காரியா? பழத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. மகள் ஜெப்சி கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். என் புலம்பல் தாங்காமல் கண்ணாடி முன் நிறுத்தினாள்.

"இடது கண்ணப் பாருங்கம்மா. இப்ப வலது கண்ண. கண்ணு அசையுறது தெரியுதா?"

தெரியவில்லை.

"எனக்குத் தெரியுதே!"

அவளை நிறுத்தி நான் பார்த்தேன். கருவிழி வெடுக் வெடுக்கென்று தாவுகிறது! கண் தாவுகிற அந்த நொடித்துண்டில் மூளை பார்வையை அடக்கிவிடுமாம். இடைவெளி நமக்குத் தெரியாதபடி, எல்லாம் பார்த்த மாதிரியே ஒட்டவைத்துவிடுமாம். அவசரமாகத் திரும்பிப் பார்த்தால் நடுவில் ஒரு பைக்கே தவறிப்போகலாம் என்கிறாள்.

அப்பாடா, நான் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது என் மூளை. சே, யாரிடம் போய்ச் சண்டை போட?

பிப்ரவரி 13

சிலுவைதாசன் வீடு திரும்பிவிட்டார். முட்டம் வரை போய், கண் விஷயம் முழுவதையும் சொன்னேன். வகுப்பெடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்டார்.

"இது எல்லாவருக்க கண்ணுக்கும் உள்ளதுதானே டீச்சர்?"

"ஆமா."

"அப்ப கொஞ்சம் நிதானமா இன்னொருக்க பாத்திருந்தா நான் தெரிஞ்சிருப்பேன், இல்லியா?"

தெரிந்திருப்பார். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அதுதான் உண்மை.

"எனக்க தப்புதான்" என்றேன்.

"இத அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே."

வழியெல்லாம் அழுதேன். என் மேலேதான் கோபம்.

பிப்ரவரி 20

முக்கில் நிதானமாக இரண்டு தடவை பார்த்தேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தே உயிரை வாங்கினார். "நீரு பறந்து போவும்!" என்று கத்திவிட்டேன்.

மார்ச் 1, சனி

ஸ்டேஷன். "அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தேன். ஏட்டு செல்வதாஸ் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"நேத்து அந்த மனுசன் வீட்டுக்குப் போனேன். 'நானும் ஸ்பீடாத்தான் வந்தேன், டீச்சர் மேல தப்பில்ல'ன்னு எழுதித் தந்திருக்காரு. நீங்க இப்பிடி எழுதுதிய. நான் எத வச்சுக்கிட?"

பேனாவை எடுத்தேன்.

"ரெண்டையும் வச்சுக்கிடுங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.