பாக்கெட்டுக்குள் ஒரு பெரட்டு

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மகள் மாலதி அம்பாங்கானிலிருந்து வந்தாள், மருமகனோடு. கையில் ஒரு பெட்டி. ஐபோன். அவள் புதிது வாங்கிவிட்டாள், இது அவள் கழித்த பழையது.

எனக்குக் கைப்பேசி இருக்கிறது என்றேன்.

"அது ஆண்ட்ராய்டுப்பா. எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான். ஒரே மாதிரி இருந்தாதான் எல்லாம் சேர்ந்து வரும்."

என்ன சேர்ந்து வரும் என்று கேட்டேன். அவள் மருமகனைப் பார்த்தாள். அவர் என் கூரையைப் பார்த்தார்.

போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்த கதை மறுபடியும். அம்பாங்கானில் எனக்கு அறை தயாராம். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அயர்ன் மேசை, பேரப்பிள்ளையின் பழைய சைக்கிள், மின்விசிறி இல்லை.

கடைசியில் சொன்னாள்: "இதை எப்பவும் கையில வச்சிருந்தீங்கன்னா இங்கயே இருங்க. இல்லன்னா எங்களோட வந்துடணும். சூசா பண்ணாதீங்கப்பா, எங்களுக்குத் தொல்லை வேணாம்."

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காக. நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது சண்டை போட்டு வாங்கிய வீடு இது.

"தீபாவளி முடியட்டும், போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போலாம்பா." கார் ஏறும்போது சொல்வது வழக்கம். போன வருடமும் சொன்னாள்.

8, புதன்

வெயில். துணி காய்ந்தது.

புதுப் போனில் திரும்பிப் போகும் குறி கீழே இல்லை. பாட்டு ஏற்றிய மெமரி கார்டு, என் பாட்டு அட்டை, செருக இடம் இல்லை. தமிழ் எழுத்துகள் வேறு வரிசை. பழையதில் யாரும் சொல்லித் தராமல் நானே தட்டித் தட்டிப் பழகியது எல்லாம் வீண். பழையதைச் சிரம்பானில் கடை கடையாக ஏறி இறங்கி நானே தேர்ந்தெடுத்தேன். "அங்கிள், இது கொஞ்சம் ஸ்லோ லா" என்றான் விற்ற பையன். நானும் அப்படித்தான் என்றேன்.

எதைப் பார்த்துப் போன் வாங்குகிறார்கள்? இன்று கேட்டவரை:

மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் மணியம், ஆண்ட்ராய்டு. "ரெண்டு சிம் போடலாம்ணே. கீழ விழுந்தா உடையாது. உடைஞ்சாலும் அழ வேணாம்."

பக்கத்து வீட்டு ரோசம்மா, அதுவே. "பைபிள் எழுத்து பெருசா தெரியுது. எனக்கு வேற என்னாத்துக்கு?"

ரோசம்மா மகன், சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை, ஐபோன். "கேண்டீன் மேசைல எல்லாவனும் அதைத்தான் எடுத்து வைக்கிறான் அங்கிள். நான் மட்டும் பாக்கெட்ல ஒளிச்சு வைக்கவா?"

உண்மை சொன்னவன் இவன் ஒருவன்.

நான், ஆண்ட்ராய்டு: யாரும் கொடுக்காதது, நானே வாங்கியது என்பதால்.

10, வெள்ளி

சிரம்பான். மாத்திரை, பாகற்காய், டார்ச் லைட்டுக்குப் பேட்டரி. பசாரில் நிற்கும்போது மாலதி கூப்பிட்டாள்.

"எதுக்குப்பா வெயில்ல இவ்வளவு நேரம் பசார்ல நிக்கிறீங்க?"

பசாருக்குப் போகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

திரும்பியதும் போனை ரோசம்மா மகனிடம் காட்டினேன். சிரித்தான். "மேப்ல நீங்க ஒரு புள்ளி அங்கிள். எங்க போனாலும் அக்காவுக்குத் தெரியும். பேட்டரி குறைஞ்சாகூட அதுவே சொல்லிரும்."

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குக் காட்டுமா?

தேடிப் பார்த்தான். "இல்ல. அதை அக்கா அடைச்சு வச்சிருக்காங்க."

என்னுடையதையும் அடை என்றேன். "அடைச்சா அக்காவுக்குத் தெரிஞ்சுபோகும். அப்புறம் அம்பாங்கான்தான்."

இதற்குத்தான் எல்லாரும் ஒரே மாதிரி.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மண்டோருக்கு, கங்காணிக்கு, தெரிய வேண்டும். மண்டோர் எங்கே போகிறான் என்று நாங்கள் கேட்கக் கூடாது. அந்தப் பெரட்டு இப்போது என் பாக்கெட்டுக்குள். மண்டோர், நான் பெற்றது.

11, சனி

மழை. வாய்க்கால் அடைப்பு, நானே குத்திவிட்டேன். முதுகு வலி. பாகற்காய் அதிகம் கசப்பு. யாரோடும் பேசவில்லை.

13, திங்கள்

மேகமூட்டம். மணியத்தின் ரொட்டி மோட்டார் வந்தது. திங்கட்கிழமை அவர் போர்ட்டிக்சன் வரை போவார். ஐபோனை ரொட்டிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.

"எதுக்குண்ணே?"

"ஊர் சுத்திட்டு வரட்டும்."

"போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்லியே?"

"என் மக கேஸ்தான். கூப்பிட்டா எடுக்காதப்பா."

நான் எங்கே இருக்கிறேன் என்றுதானே பார்க்கிறாள். பார்க்கட்டும். கடலோரம் வீடு வீடாக நின்று போகும் அப்பனைப் பார்த்துப் பதறி இங்கே ஓடி வரட்டும்.

சவரம் செய்தேன். சட்டை மாற்றினேன். கதவைத் திறந்தே வைத்தேன். அரிசி இரண்டு கை கூடப் போட்டேன். நெத்திலி சம்பல். மருமகன் காரம் தாங்க மாட்டார், அவருக்குத் தனியாகக் கொஞ்சம்.

பகலில் ஒரு கார். ரோசம்மா வீட்டுக்கு.

பழைய போனும் அடிக்கவில்லை. கெட்டுவிட்டதோ என்று ரோசம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அடித்தது.

இருட்டுமுன் மணியம் வந்தார். போன் முழுக்க ரொட்டி வாசனை.

"ஒரு கால்கூட வரலண்ணே. டிங்குனு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான்."

மாலதியின் செய்தி. அப்பா, பேட்டரி கம்மியா இருக்கு, சார்ஜ் போடுங்க.

சோறு மிச்சம். தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

14, செவ்வாய்

பழைய சோறு. வெங்காயம் தீர்ந்தது.

மாலதி கூப்பிட்டாள். சாப்டீங்களாப்பா. சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா. போட்டேன்.

"நேத்து மேப்ல என்னைப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"எங்க இருந்தேன்?"

"வீட்டுலதான். அடிக்கடி பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நல்ல பிள்ளையா வீட்டுலயே இருந்தீங்க."

போன் போர்ட்டிக்சன் போன கதையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் அயர்ன் மேசை, சைக்கிள், மின்விசிறி இல்லாத அறை.

"ஆமா. வீட்டுலதான்" என்றேன்.

15, புதன்

நல்ல வெயில். ஐபோனைச் சார்ஜில் செருகி, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அது வீட்டிலேயே இருக்கட்டும், நல்ல பிள்ளையாக.

பழைய போன், குடை, மாத்திரை, தண்ணீர். எங்கே என்று ரோசம்மா கேட்டாள். போர்ட்டிக்சன் என்றேன். "யாரோடண்ணே?" பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

கடற்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று. பாட்டு அட்டை நன்றாகப் பாடுகிறது. பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம், ஆளுக்கொரு போன், எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் ஒரு கிழவர். அவர் கையில் ஒன்றும் இல்லை.

வடை வாங்கினேன். பழைய எண்ணெய்.