மயிரிழை

என் ஓட்டக்காரிக்கு,

நானும் மகளும் நலம். நீ நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. பயிற்சி முகாமில் உங்கள் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அலுவலக எண்ணுக்கு ஒன்பது முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. அதனால் அங்கே தண்ணீர் கேன் கொண்டு போகும் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். காலைப் பயிற்சிக்கு முன் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்தேன். முழங்காலுக்குக் கீழே, ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் வலி, தூங்கும்போதும் குடைகிறது, ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். நான் சொன்ன தைலத்தைத் தேய்ப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் செத்துப்போனேன்.

அது நான் சொன்னதுபோல் தசைப்பிடிப்பு இல்லை. அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு நீ உள்ளே ஷூ மாட்டிக்கொண்டிருந்தாய். வெளியே டாக்டர் என்னிடம், எலும்பில் மயிரிழை விரிசல், மூன்று மாதம் ஓடவே கூடாது என்றார். எனக்கு அந்த 'மயிரிழை' மட்டும்தான் காதில் விழுந்தது. எங்கள் பட்டறையில் மயிரிழை விரிசலை யார் மதிக்கிறார்கள்? ஒரு வெல்டு வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவோம். அந்த நினைப்பில் உன்னிடம் பொய் சொன்னேன்.

உன் நன்மைக்காகச் சொன்னேன் என்றால் அதுவும் பொய். பட்டறையில் எல்லாரும் என்னை 'ஓட்டக்காரி புருஷன்' என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று மாதம் அதை இழக்க மனம் வரவில்லை. எவ்வளவு கேவலமானவன் பார்.

பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த எக்ஸ்ரேயை நேற்று மகள் கண்டெடுத்துவிட்டாள். ஜன்னலில் பிடித்துப் பார்த்து, அம்மா கால்ல முடி ஒட்டியிருக்குப்பா என்று பாவாடை நுனியால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை என்று அழுதாள்.

டாக்டரிடம் ஓடினேன். இன்னுமா ஓடிட்டிருக்காங்க, நீயெல்லாம் மனுஷனாய்யா என்று கத்தினார். இனியும் ஓடினால் எலும்பு இரண்டாக உடையும், பிறகு ஒழுங்காக நடப்பதற்கே உத்தரவாதம் இல்லை என்றார்.

மகளை உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்புகிறேன். வந்து சேர மதியமாகிவிடும். எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டு வருகிறேன், உன் பயிற்சியாளரிடம் நானே காட்டுகிறேன். அதன்பின் என்னை நீ அடித்தாலும் சரி, முகத்தில் விழிக்காதே என்றாலும் சரி.

ஐந்து வருடமாகச் சைக்கிளில் பின்னாலேயே வந்து, ஓடு ஓடு என்று உன் காது கிழியக் கத்தியவன் நான். அதே வாயால் கெஞ்சுகிறேன். ஓடாதே. இந்தக் கடிதம் வரும்போது ஷூ மாட்டியிருந்தால் கழற்றிவிடு. நான் வரும்வரை அந்தக் காலைக் கீழே ஊன்றாமல் உட்கார்ந்திரு, அம்மா.

உன்
சைக்கிள்காரன்