பட்டை விழாத எட்டுப் பேர்

ஜூன் 3, திங்கள்
ஏழு மணிக்கே முதுகில் வெயில். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் நின்றபடி. லேப்பில் புரதச் சோதனைப் படம் தயார். சித்தப்பாவின் மூத்திரப்பைக் கட்டி: மொத்தப் புரதம் தடித்த கறுப்புப் பட்டை. அதே புரதத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம், செல்லை 'வளர், வளர்' என்று விரட்டுவது, துளியும் இல்லை. அது தெரிந்தால்தான் புது மாத்திரையைச் சோதிக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறும்.

அவர் மட்டுமா? பொது வார்டில் சேர்ந்த, தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்த எட்டுப் பேருக்கும் வெற்றிடம். தனியறை நோயாளிகளுக்கெல்லாம் பளிச்.

ஆய்வை நடத்தும் டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோல் வேலைக்காரங்க கட்டி வேற டைப்பும்மா. அப்படியே எழுதிடு."

போன மாதம் தோல் முதலாளிகள் விழாவில் இவர் கழுத்தில்தான் மாலை.

ஜூன் 4
சாத்துக்குடி. சோப்பு. பஸ் பாஸ்.
லேபிள் மாற்றிவிட்டார்களா? சரிபார்த்தேன். பட்டையைக் காட்டும் ஆன்டிபாடியைப் புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டினேன். அதே வெற்றிடம்.
சித்தப்பா போனில்: "இன்னாம்மா, நான் பாஸா பெயிலா?"
"பாக்கறேன் சித்தப்பா."
"பெயில்னா கூச்சப்படாம சொல்லு. பத்தாவதுலயே பழகினது."

ஜூன் 6, வியாழன்
எட்டு மணியிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில். யாரையும் நம்பவில்லை. சாம்பிள் தூக்கும் தங்கராஜ், தனியறைக்காரர் சதையை உள்ளே வெட்டித் தந்ததும் ஓட்டமாக நைட்ரஜன் கேனுக்குக் கொண்டுபோய் உறைய வைத்தார். பொது வார்டு சதைக்கு ஓட்டம் இல்லை.

"ஒவ்வொண்ணுக்கும் ஓட முடியுமா மேடம்? வார்டுது எல்லாம் சேர்ந்தப்புறம் ஒரே நடையா கொண்டாருவேன்."
"அதுவரைக்கும்?"
"டிரேலதான். இன்னா, எழுந்து ஓடிடப்போவுதா?"

ஓடித்தான் போகிறது. வெட்டிய சதை வெளியே கிடந்தால் பாஸ்பேட் கழன்றுவிடும், புரதம் மட்டும் மிஞ்சும். வேறு டைப்பாம்! அவர்களைக் காக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆறு மாதமாக அவர் கொண்டுவரும் சாம்பிள் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். வெட்டிய நேரம் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் 13
சித்தப்பாவுக்கு இரண்டாம் முறை கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். வழக்கமாகச் செய்வதுதான். நைட்ரஜன் கேனோடு தியேட்டர் வாசலில் நானே. கையில் வாங்கிய உடனே உறைய வைத்தேன்.

ஜூன் 15, சனி
சித்தப்பாவுக்கு பாஸ்பேட் பட்டை விழுந்தது. தடிமனாக.

டாக்டர்: "உன் ஆளுக்கு வந்துடுச்சில்ல? மத்த ஏழு பேருக்கும் 'இல்லை'ன்னே இருக்கட்டும்."
"இல்லைன்னு எப்படி சார் சொல்றது? சாம்பிளே கெட்டுப்போச்சு."
"அப்படி எழுதினா ஆய்வே நிக்கும். மாத்திரையும் நிக்கும். உன் சித்தப்பாவுக்கும் சேர்த்துதான். யோசிச்சுக்கோ."

பரிதாபப்பட்டுச் சொன்னாரா, மிரட்டினாரா? தெரியவில்லை.

மாலை. ஏழு பெயருக்கு நேரே 'இல்லை'யை அடித்து, 'சாம்பிள் காத்திருந்து கெட்டது, மறுபடி எடுக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் மேஜையில் வைத்தாயிற்று. மாத்திரை நின்றுபோகலாம் என்று சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.